முதல் இழுப்பு

வோல்டேஜ் அவர்கள் கையில் இருக்கும். ஓம் என் கையில். ஆரல்வாய்மொழிக் கணவாயில் எங்கள் கம்பெனிக்கு நாற்பத்திரண்டு பேர் காற்றாலை ஏறுகிறார்கள். அந்த நாற்பத்திரண்டு பேருக்கும் எந்த அட்டமைசர் சரிவரும் என்று பார்த்து எடுத்துக் கொடுப்பவள் நான்தான். பெயர் அஜிதா, வழங்கல் ஜன்னல், காலை ஆறு மணி முதல் மதியம் இரண்டு வரை. ஜன்னலில் உட்கார்ந்து பொருள் எடுத்துக் கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று ஏறும். ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும்.

புது டவர்கள் எல்லாம் நூற்றறுபது மீட்டர். உள்ளே லிப்ட் உண்டு, பாதி நாள் ஓடாது. ஏணியில் ஏறி, உச்சி மூடியைத் திறந்து, வெளியே காற்றில் இறக்கையின் அடிக்கு நகர வேண்டும். ஆரம்பத்தில் ஆள் நிற்கவே இல்லை. சேர்ந்த மூன்றாம் நாள் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "எங்கம்மாகிட்ட கொண்டு விடுங்க" என்று அழுத இன்ஜினியர்களை நானே பார்த்திருக்கிறேன். அப்புறம்தான் திடம் வந்தது. அது ஒரு மருந்து. பேனா மாதிரியான மின்சிகரெட்டில் போட்டு மூன்று இழுப்பு இழுத்தால் ஆறு மணி நேரத்துக்குப் பயம் கிடையாது. மயக்கமில்லை, தள்ளாட்டமில்லை. கைகால் என்னவோ ஒரு இடத்தில் நிற்காது, எதையாவது செய்துகொண்டே இருக்கச் சொல்லும். பயம் மட்டும் இருக்காது.

பேனாவின் அடியில் ஒரு டயல். திருப்பினால் வோல்டேஜ் கூடும். அட்டமைசர் என்பது மேலே திருகி மாட்டுகிற தலை, உள்ளே பஞ்சும் கம்பிச்சுருளும் இருக்கும். ஆட்கள் அதை மண்டை என்றுதான் சொல்வார்கள். கம்பியின் ஓம் குறைந்தால் சூடு அதிகம், ஆவி அதிகம், மருந்தும் அதிகம். ஒன்றரை ஓம் மண்டையை மாட்டி டயலை முழுக்கத் திருப்பினால் மருந்தே கருகித் தொண்டையைப் பிய்த்துவிடும். மூன்றரை ஓமை மாட்டிக் கீழே வைத்தால் ஆவி வந்ததா இல்லையா என்றே தெரியாது. நெடுமூச்சுக்காரனுக்கு ஓம் கூட வேண்டும், சளி பிடித்தவனுக்குக் குறைய வேண்டும். டயலைச் சும்மா சும்மா நோண்டுகிறவன் என்றால், முழுக்கத் திருப்பினாலும் அளவு மீறாத மண்டையாகப் பார்த்துத் தர வேண்டும்.

இதில் இன்னொரு வழக்கம் உண்டு. பஞ்சு சரியாக நனையாத மண்டையை மேலே போய் இழுத்த ஒருவனுக்கு, திடம் வந்த முதல் வருஷம், வாய் வெந்து இருமல் பிடித்துக்கொண்டது. கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கீழே நின்றவனின் தோளை உடைத்தது. மீட்டர் கம்பியைத்தான் காட்டும், பஞ்சைக் காட்டாது. அன்றிலிருந்து, யாராவது ஒரு ஆள் இழுத்துப் பார்க்காத மண்டையைத் தொடமாட்டோம் என்று எல்லாரும் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள். முதல் இழுப்பு அக்காவோடது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். தினமும் நாற்பத்திரண்டு மண்டை, டயலை முழுக்க வைத்து. அங்கே கருகாதது வேறெங்கேயும் கருகாது. நான் உள்ளே இழுப்பதில்லை. வாயில் நிறுத்தி, வாடை பார்த்து, ஊதிவிடுவேன், அப்புறம் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கொடுப்பேன். ஊதிவிட்டது கணக்கில் வராது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

என் வீட்டுக்காரர் ஷாஜனும் அந்த வரிசையில் ஒருவர். ஆனி மாதம் ஒரு காலை, ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"எனக்கு இன்னைக்கு என்ன மண்டை?"

"ரெண்டே கால். சளி இன்னும் போகல்லா, மூச்சு சின்னதா வருது."

வாங்கி அப்படியே மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் டயலை இரண்டு தடவையாவது திருகிப் பார்ப்பார்கள், இவர் தொடக்கூட மாட்டார். என் தேர்வில் அவ்வளவு நம்பிக்கை. பின்னால் ஆள் நிற்க, இவர் மட்டும் நகரவில்லை.

"அஜி, ஒண்ணு கேக்கட்டா? நீ என்னய ஏசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"ஏசணுமா? வரிசைல நின்னு கேட்டு வாங்குதியளே, வெக்கமா இல்ல?"

"இல்ல பிள்ள. முன்னாடி இந்த ஜன்னல்ல நின்னா காது கிழியும். கொக்கிய ரெண்டு தடவ இழுத்துப் பாருங்க, பூட்ஸ் கயிற மாத்துங்கன்னு. இப்பம் ஒண்ணுமே இல்ல. வீட்டுல கரண்ட் போன மாதிரி இருக்கு."

"ஏசி ஏசி எனக்கே அலுத்துப் போச்சு."

"வேற யாரும் கெடச்சிட்டானோ?"

"உங்கள மேய்ச்சதே போதும், இன்னொண்ணு வேறயா? நகருங்க."

வரிசை சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எனக்குக் கை நிற்கவில்லை. அடுக்கி வைத்த பெட்டிகளை மறுபடி அடுக்கினேன். அந்த வருஷம் முழுக்கவே அப்படித்தான் இருந்தேன். உட்கார்ந்தால் எழச் சொல்லும், எழுந்தால் நடக்கச் சொல்லும். எதையோ எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவள் மாதிரி அலைந்தேன்.

கம்பெனிக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. பேனா இல்லாமல் யாரும் ஏறக் கூடாது என்பது விதி. அதனால் நான் ஜன்னலை அடைத்தால் அன்று ஏற்றம் இல்லை. முன்பெல்லாம் காற்று வேகம் விநாடிக்குப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டினால் படாரென்று அடைத்துவிடுவேன். சைட் இன்சார்ஜ் வேலாயுதம் சார் வந்து தட்டுவார், கத்துவார், நான் திறக்க மாட்டேன். இந்த வருஷம் ஒரு நாள்கூட அடைக்கவில்லை. "அஜிதா ரொம்ப மெச்சூர் ஆயிட்டாங்க" என்று கூட்டத்தில் சொல்லி, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் கொடுத்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அது நடந்தது. எங்கள் மகள் ஹெப்சிக்கு ஆறு வயது. பள்ளிக்கூட வேன் நான்குவழிச் சாலையின் அந்தப் பக்கம் இறக்கிவிடும். நான் கடந்து போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவது வழக்கம். அன்று இந்தப் பக்கமே நின்றுகொண்டு, "வா" என்று கையைக் காட்டிவிட்டேன். அவளும் ஓடி வந்தாள். நாகர்கோவில் பக்கமிருந்து ஒரு சிமெண்ட் லாரி வந்தது. நான் அதையும் பார்த்தேன், பிள்ளையையும் பார்த்தேன். லாரி வருவதற்குள் வந்துவிடுவாள் என்றுதான் தோன்றியது.

பிரேக் சத்தத்தில் டீக்கடையே எழுந்து நின்றது. லாரியின் பம்பர் அவள் புத்தகப்பையைத் தட்டி, பை பத்தடி தூரம் பறந்தது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. டிரைவர் இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். டீக்கடை அம்மாள் ஹெப்சியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்: "நீயெல்லாம் ஒரு தாயா? அப்படியே மரம் மாதிரி நிக்க!"

நான் போய்ப் பையை எடுத்தேன். ஜிப் அறுந்திருந்தது. இதைத் தைக்கக் கொடுக்க வேண்டுமே என்று நினைத்தேன். அது ஒன்றைத்தான் நினைத்தேன், சத்தியமாக.

வீட்டுக்கு வந்து ஹெப்சி சொன்னாள். "அம்மா, எல்லாரும் அழுதாங்க. நீ ஏன் அழல?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் வாயிலிருந்து சோற்றுப்பருக்கை சிந்தினாலும் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆனால் அவள் செத்திருக்கலாம் என்ற நினைப்பை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன், போட்ட இடத்தில் அப்படியே கிடந்தது.

மறுநாள், மாதம் ஒருமுறை மருந்துப் புட்டிகளோடு வந்து பேனாக்களைச் சரிபார்க்கும் இர்பான் வந்தான். தேங்காப்பட்டணத்துக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும், வாய் ஓயாது. அவனிடம் கேட்டேன்.

"இர்பான், வாயில வச்சு ஊதிவிட்டா மருந்து ஏறுமா?"

"யாரு ஊதுறா?"

"நான்தான். முதல் இழுப்பு. தினமும்."

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தான். "எத்தன?"

"நாப்பத்திரண்டு. டயல் முழுக்க வச்சு."

"எத்தன மாசமா?"

"மூணு வருஷம்."

"யா அல்லா." அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "அக்கா, புகையிலையக் கன்னத்துல அடக்குறவன் என்ன நெஞ்சுக்குள்ளயா இழுக்கான்? வாய்த்தோலு வழியா ஏறும்கா, எல்லாமே ஏறும். ஆறு மணி நேரத்துல இறங்கிரும்னு சொல்லுதது ஒரு நாளைக்கு மூணு இழுப்பு இழுக்கறவனுக்கு. உங்களுக்கு இறங்கவே நேரம் குடுக்கலியே. கொஞ்சம் கொஞ்சமா உள்ளயே தங்கிருச்சு."

"எனக்கு ஒண்ணும் செய்யல. நல்லாத்தான் இருக்கேன்."

ஆட்களின் நாடி பார்க்க ஜன்னலில் கிளிப்புகள் வைத்திருப்போம். ஒன்றை என் விரலில் மாட்டினான், இன்னொன்றைத் தன் விரலில் மாட்டிக்கொண்டான். "சமீபத்துல பயப்படுற மாதிரி என்ன நடந்துச்சு? சொல்லுங்க." லாரிக் கதையைச் சொன்னேன், ஒன்றுவிடாமல். முடித்தபோது என் எண் எழுபத்திரண்டு; ஆரம்பித்தபோதும் அதேதான். கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு நூற்றெட்டு.

"பாத்தீங்களா?" என்றான்.

"பயம் இல்லேன்னா நல்லதுதானேடா? அதுக்குத்தானே இத்தன பேரு இதை இழுக்கான்?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க அந்த ஜன்னல்ல எதுக்கு உக்காந்திருக்கீங்கன்னு நெனக்கீங்க? மேல ஏறுறவன்கிட்ட பயம் இருக்கக் கூடாது, சரி. அனுப்புறவங்ககிட்ட இருக்கணும்லா? உங்க பயத்த நம்பித்தான் அவன் தன் பயத்தக் கழட்டி வச்சிட்டுப் போறான்."

இழுப்பதை நிறுத்தினால் எப்போது திரும்பும் என்று கேட்டேன். "ரெண்டு மாசம், மூணு மாசம். சில பேருக்கு..." என்று இழுத்தவன் முடிக்காமல் பெட்டியைப் பூட்டினான். கம்பெனி மேலிடத்துக்கு எழுதிப்போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த காலையே காற்று பதினான்கரை. நூற்றுப் பதினேழாம் டவரில் ஒரு இறக்கையின் பூட்டு தளர்ந்துவிட்டதாக அலாரம். விட்டால் இறக்கை பிய்த்துக்கொண்டு போகும். வேலாயுதம் சார் ஜன்னலுக்கே வந்துவிட்டார். "ஷாஜன விட்டா இதச் செய்ய ஆளில்ல. நீ ஒண்ணும் சொல்லமாட்டேல்லா?"

நான் யோசித்தேன். பயப்படுகிறவள் இந்த இடத்தில் என்ன செய்வாள் என்று நினைவிலிருந்து தோண்டி எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. ஆனால் அறிவு சுறுசுறுப்பாக ஓடியது. ஷாஜனைத் தடுத்தால் சண்டை வரும், இவரை விட்டுவிட்டு வேலை தெரியாத எவனையாவது அனுப்புவார்கள். இவருக்கு மருந்து ஏறாமல் போனால்? இவருக்கே பயம் வரும். பயம் வந்தால் ஏணியில் பத்தடி ஏறி, இன்று முடியாது என்று தானாக இறங்கிவிடுவார். மூத்த ஆளே முடியாது என்றால் வேறு யாரையும் அனுப்ப முடியாது. ஒரு ஓட்டையும் இல்லாத திட்டம் என்று எனக்கு ஒரே திருப்தி.

பெட்டியின் அடியிலிருந்து மூன்றரை ஓம் எடுத்தேன். அவர் டயல் எப்போதும் கீழேதான் இருக்கும். அவர் ஜன்னலுக்கு வந்தார்.

"என்ன மண்டை?"

"வழக்கமானதுதான்."

டவரின் அடியில் வெளியே நின்று இழுப்பார்கள். அந்தக் காற்றில் யாருக்கும் ஆவி கண்ணில் படாது, வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். மூன்று இழுப்பு இழுத்தார், பேனாவைச் சட்டைப்பையில் போட்டார், உள்ளே போனார்.

பத்தடியில் இறங்கவில்லை. இருபதிலும் இறங்கவில்லை. ஏழு வருஷமாக ஏறின ஏணி, கண்ணை மூடிக்கொண்டே ஏறுவார் என்பதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். பயம் அவருக்கு உச்சியில், மூடியைத் திறந்து வெளியே வந்து, ஒரு கொக்கியைக் கழற்றி இறக்கையின் பக்கம் மாட்டப் போன நேரத்தில் வந்தது. ஒரு கொக்கி கையில், ஒரு கொக்கி கம்பியில். அப்படியே உறைந்துவிட்டார்.

வாக்கிடாக்கியில் அவர் குரல் வந்தபோது முதலில் யாரென்றே தெரியவில்லை.

"அஜி. அஜி... எனக்குப் பயமா இருக்கு அஜி. கை வரமாட்டேங்கு."

"கொக்கிய விடாதீங்க. கண்ண மூடிக்கோங்க. ஆள் வருது."

"ஹெப்சி எங்க? ஹெப்சிய ரோட்டுல விட்டிராத. அஜி, ஹெப்சி..."

"அவ ஸ்கூல்ல இருக்கா. கொக்கியப் பிடிங்க."

மீட்கப் போகிற இரண்டு பேருக்கு மண்டை எடுத்துக் கொடுத்தேன். மீட்டரில் பார்த்து, ஒருவனுக்கு ஒன்றே முக்கால், இன்னொருவனுக்கு இரண்டு. தப்பில்லாமல் கொடுத்தேன். அவர்கள் ஏறி, அவரைக் கட்டி, இறக்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரமும் நான் ஓம் வாரியாகப் பெட்டிகளை அடுக்கினேன், லேபிள் எழுதி ஒட்டினேன். வேலாயுதம் சாருக்குக் கண் கலங்கியிருந்தது. "என்னா தைரியம் உனக்கு" என்றார்.

அவரை வழங்கல் அறைத் தரையில் உட்கார வைத்தார்கள். மேசைக் காலைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. மற்றவர்கள் போனதும் நான் சொல்லிவிட்டேன். லாரி வந்தபோது எனக்குப் பயமே வராததையும் சொன்னேன், இர்பான் சொன்னதையும் சொன்னேன், மூன்றரை ஓமையும் சொன்னேன். சொல்ல எனக்கென்ன பயம்?

மேசைக் காலை விடாமலே கேட்டார்.

"ஜன்னல அடச்சிருக்கலாம்லா?"

"அடச்சிருக்கலாம்."

"பின்ன ஏன் அடைக்கல?"

"தோணல."

அவர் நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைக்கக் கையை நீட்டினேன். அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். மேசையோடு சேர்ந்து நகர்ந்தார். உச்சியில் தொங்கியவருக்கு இறங்கிய பிறகும் பயம் போகவில்லை என்று நினைத்தேன். அப்புறம் அந்தக் கண்ணைப் பார்த்தேன். அவர் டவரை நினைத்துப் பயப்படவில்லை, என்னைப் பார்த்துப் பயப்பட்டார்.

மறுநாள் ஹெப்சியின் துணிமணிகளைப் பையில் திணித்தார். மார்த்தாண்டத்தில் அவர் தங்கை வீட்டுக்குப் போகிறார்களாம். வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கோவம் இல்ல அஜி. சத்தியமா கோவம் இல்ல. பிள்ளய உங்கிட்ட விட எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான்."

நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன் என்று தோன்றியது. "சரி" என்றேன்.

"பயம் வந்தா கூப்பிடு. எந்நேரமானாலும் வாரேன்."

வேலையை விட்டு நாற்பத்தேழு நாள் ஆகிறது. அந்த ஜன்னலில் இப்போது வேறொரு பெண்; முதல் இழுப்பு கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். ஆட்கள் நோட்டீசைப் படித்துவிட்டு, முதல் இழுப்பு இழுத்துத் தரச் சொல்லி அவளிடமே மண்டையை நீட்டுகிறார்களாம். இர்பான்தான் சொன்னான். நானும் போய் அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "வாயிலதானக்கா வைக்கேன்" என்றாள்.

வீடு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, மறுபடி எடுத்துக் கழுவுகிறேன். ஹெப்சியின் சின்னச் செருப்பைப் பார்த்தால் அழுகை வருகிறது. அவர் நினைப்பு வந்தால் ஏக்கம் வருகிறது, கம்பெனியை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லாம் வருகிறது, அது ஒன்றைத் தவிர. நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் போய் நின்று பார்த்தேன். ரயில் வரும்போது தண்டவாளத்தின் பக்கத்தில் நின்று பார்த்தேன். காற்றில் சேலைதான் படபடத்தது.

பொய் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம். வந்துவிட்டது, வாருங்கள் என்றால் அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பார், நான் சொல்வதை இன்றைக்கும் நம்பக்கூடிய மனிதர்தான். ஆனால் அந்தப் பொய்யை நம்பி ஹெப்சியின் கையை என் கையில் கொடுத்துவிடுவார். அதனால் கூப்பிடவில்லை.

நேற்று மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது. கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. கொடியிலேயே துணியை விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். போனை எடுத்து அவர் பெயரைத் தேடும்போது விரல் வழுக்கியது. வந்துவிட்டது, வந்துவிட்டது என்று எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. பெயரை அழுத்துவதற்கு முன் ஒரு நிமிஷம் நின்று யோசித்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று ஞாபகம் வந்தது. சோறு போட்டு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். நாலு வாயில் அது போய்விட்டது.